சின்ன லோடு வண்டியில் இன்ஜின் சூடும் எலக்ட்ரிக் ஃபேனும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டாடா ஏஸ், மாருதி சூப்பர் கேரி போல ரேடியேட்டருக்கு எலக்ட்ரிக் ஃபேன் வைத்து வரும் சின்ன சரக்கு வண்டிகளை மனதில் வைத்து இதை எழுதியிருக்கிறேன். பெல்ட் ஃபேனைக் கழற்றிவிட்டு எலக்ட்ரிக் ஃபேன் போட நினைப்பவர்களுக்கும் பெரும்பாலானவை பொருந்தும். வண்டி ஹீட் ஆனால் உடனே ஃபேனில் கை வைப்பதுதான் நம் ஊர் வழக்கம். இன்ஜின் எத்தனை டிகிரியில் ஓடுகிறது என்று தெரியாமல் ஃபேனைத் தொடக் கூடாது என்பது என் கட்சி. கீழே உள்ள பதில்கள் எல்லாம் அதிலிருந்து வருபவைதான்.

இன்ஜின் எத்தனை டிகிரியில் ஓட வேண்டும்?

கூலன்ட், அதாவது இன்ஜினைக் குளிர வைக்கச் சுற்றும் தண்ணீரின் சூடு, 80 முதல் 95 டிகிரிக்குள் இருந்தால் வண்டி ஆரோக்கியமாக இருக்கிறது என்று பொருள். லோடு ஏற்றிக்கொண்டு மேட்டில் ஏறும்போதும், வெயிலில் சிக்னலில் நிற்கும்போதும் 100 வரை போய் இறங்கினால் பயப்பட ஒன்றுமில்லை. 105-ஐத் தாண்டினால் கவனம் வேண்டும். 110 என்றால் ஓரங்கட்டிவிட வேண்டும்.

100 டிகிரியில் தண்ணீர் கொதித்துவிடாதா என்று கேட்பார்கள். திறந்த பாத்திரத்தில் கொதிக்கும். ரேடியேட்டர் மூடி போட்டு அழுத்தத்தில் இருக்கும்போது கொதிக்காது. அதைப் பற்றிக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

மீட்டர் முள் எப்போதும் நடுவில்தான் நிற்கிறது. அதைப் பார்த்தால் போதாதா?

போதாது. இப்போது வரும் பல வண்டிகளில் முள்ளை வேண்டுமென்றே அசையாமல் வைத்திருக்கிறார்கள். 75-க்கும் 105-க்கும் இடையே எத்தனை டிகிரி இருந்தாலும் முள் நடுவிலேயே நிற்கும். அது கொஞ்சம் ஆடினாலும் ஓட்டுநர் பதறிப்போய் சர்வீஸுக்கு வந்துவிடுகிறார் என்பதால் செய்த ஏற்பாடு இது. முள் நகர ஆரம்பிக்கும்போது விஷயம் கைமீறும் கட்டத்தில் இருக்கும். சில வண்டிகளில் முள்ளே கிடையாது, ஒரு சிவப்பு விளக்கு மட்டும்தான். அது எரிகிறது என்றால் எச்சரிக்கைக் கட்டம் முடிந்துவிட்டது என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

லோடு வண்டிக்காரருக்கு இந்த ஏற்பாடு பெரிய அநியாயம். முழு லோடில் மேடு ஏறுபவருக்கு 92-க்கும் 104-க்கும் உள்ள வித்தியாசம் தெரிந்தே ஆக வேண்டும்.

அப்படியானால் உண்மையான எண்ணைப் பார்க்க என்ன வழி?

2020 ஏப்ரலுக்குப் பிறகு பிஎஸ்6 என்ற புகை விதிப்படி வந்த வண்டி என்றால் வழி சுலபம். டாஷ்போர்டுக்குக் கீழே, இன்ஜினின் தகவல்களைப் படிக்கும் ஓபிடி சாக்கெட் இருக்கும். அதில் இஎல்எம்327 வகை ப்ளூடூத் கருவி ஒன்றைச் செருகி, போனில் ஒரு ஆப் போட்டுக்கொண்டால், கூலன்ட் டெம்பரேச்சர் என்று எண்ணாகவே காட்டும். இன்ஜினை நடத்தும் கணினியான ஈசியு எந்த எண்ணைப் பார்த்து முடிவெடுக்கிறதோ, அதே எண் உங்களுக்கும் தெரியும். வண்டி நிற்கும்போது கருவியைக் கழற்றி வைத்துவிடுங்கள். வாரக்கணக்கில் செருகியே இருந்தால் பேட்டரியை மெதுவாகக் குடிக்கும்.

24 வோல்ட் கனரக லாரிகளில் இந்த மலிவான கருவி பேசுவதில்லை. அவற்றின் சாக்கெட்டும் வேறு, மொழியும் வேறு.

என் வண்டி பழசு, ஓபிடி கிடையாது. நான் என்ன செய்வது?

தனி டெம்பரேச்சர் மீட்டர் ஒன்று போட்டுவிடுங்கள். ஆக்சஸரீஸ் கடைகளில் சென்சாரோடு சேர்த்தே கிடைக்கும். இன்ஜினிலிருந்து ரேடியேட்டருக்குப் போகும் மேல் ஹோஸை அறுத்து நடுவில் ஒரு உலோக அடாப்டர் வைத்து, அதில் சென்சாரைத் திருகுவது எளிய முறை. ரப்பர் ஹோஸுக்கு நடுவே இருப்பதால் அந்த அடாப்டருக்கு எர்த் கிடைக்காது. ஒற்றை வயர் சென்சார் என்றால் அடாப்டரிலிருந்து தனியாக ஒரு எர்த் வயர் இழுத்து பாடியில் முடுக்குங்கள். அதை விட்டுவிட்டு மீட்டரைக் குறை சொல்பவர்கள் நிறைய.

அகச்சிவப்பு வெப்பமானி, அதாவது துப்பாக்கி மாதிரி பிடித்துச் சுடும் கருவி, இன்னொரு உதவி. தெர்மோஸ்டாட், அதாவது தண்ணீர் சூடானதும் ரேடியேட்டருக்கு வழி திறக்கும் வால்வு, அது உட்கார்ந்திருக்கும் ஹவுசிங்கில் பிடித்துப் பாருங்கள். பளபளப்பான அலுமினியத்தில் பிடித்தால் குறைவாகக் காட்டும். கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒரு துண்டு ஒட்டி அதன் மேல் பிடித்தால் நம்பகமான எண் வரும்.

முள் ஏறிக்கொண்டே போய்த் திடீரென்று இறங்கிவிட்டது. பிரச்சினை தீர்ந்ததா?

இல்லை. இந்த ஒன்றை மட்டும் எல்லா ஓட்டுநரும் மனதில் பதித்துக்கொள்ள வேண்டும். சென்சார் தண்ணீரில் மூழ்கியிருந்தால்தான் தண்ணீரின் சூட்டைச் சொல்லும். ஹோஸ் வெடித்தோ, பம்ப் ஒழுகியோ தண்ணீர் இறங்கிவிட்டால் சென்சார் காற்றில் தொங்கும். காற்றின் சூடு குறைவாகத் தெரியும், முள் இறங்கும். அதே நேரம் உள்ளே சிலிண்டர் ஹெட் தண்ணீர் இல்லாமல் வெந்துகொண்டிருக்கும். லோடோடு மேடு ஏறும்போது முள் காரணமில்லாமல் படக்கென்று இறங்கினால், ஏறினால் எப்படி நிறுத்துவீர்களோ அதைவிட வேகமாக நிறுத்துங்கள்.

இதற்காகவே ஹெட்டின் போல்ட் ஒன்றில் வளையம் போல மாட்டி, உலோகத்தின் சூட்டை நேராக அளக்கும் அலாரம் விற்கிறார்கள். தண்ணீர் இல்லாவிட்டாலும் அது கத்தும். நல்ல முதலீடு.

ஃபேன் எத்தனை டிகிரியில் ஓட ஆரம்பிக்க வேண்டும்?

இதற்குத் தெர்மோஸ்டாட்டைப் பார்க்காமல் பதில் சொல்ல முடியாது. அதன் மேல் 82 அல்லது 88 என்று எண் பொறித்திருக்கும். அது திறக்கத் தொடங்கும் சூடு. முழுதாகத் திறக்க இன்னும் 10 முதல் 13 டிகிரி வேண்டும். அதுவரை தண்ணீரில் ஒரு பகுதிதான் ரேடியேட்டருக்குப் போகும், மீதி இன்ஜினுக்குள்ளேயே சுற்றும்.

எனவே ஃபேன் ஓடத் தொடங்கும் புள்ளி, தெர்மோஸ்டாட் முழுதாகத் திறக்கும் இடத்துக்கு அருகில் இருக்க வேண்டும். 82 தெர்மோஸ்டாட் என்றால் இன்ஜின் பக்கத்தில் அளக்கும்போது 93 முதல் 95-க்குள் ஃபேன் ஓட ஆரம்பித்து, 88 பக்கத்தில் நிற்கட்டும். 88 தெர்மோஸ்டாட் என்றால் 98-ல் ஓடி 93-ல் நிற்கட்டும்.

ஓடும் எண்ணுக்கும் நிற்கும் எண்ணுக்கும் 5 டிகிரியாவது இடைவெளி கண்டிப்பாக வேண்டும். இரண்டும் ஒன்றாக இருந்தால், ஃபேனுக்குக் கரண்டைத் திறந்து மூடும் ரிலே விநாடிக்கு ஒரு தரம் கடகடவென்று அடித்துக்கொண்டு, முனைகள் கருகி ஒட்டிவிடும். இடைவெளி 10-க்கு மேல் போனாலும் சரியில்லை. ஃபேன் தேவையில்லாமல் நீண்ட நேரம் ஓடும்.

நிற்கும் எண் தெர்மோஸ்டாட் எண்ணுக்குக் கீழே போய்விடக் கூடாது. 82 தெர்மோஸ்டாட் உள்ள வண்டியில் ஃபேன் 78-ல் நிற்கும்படி வைத்தால் அது நிற்கவே நிற்காது. 82-க்குக் கீழே இறங்கப் போனாலே தெர்மோஸ்டாட் மூடிக்கொண்டு சூட்டைப் பிடித்து வைக்கும், ஃபேன் வீணாகச் சுற்றிக்கொண்டிருக்கும்.

எதற்கு இந்தக் கணக்கெல்லாம்? சாவி போட்டதும் ஓடுகிற மாதிரி "டைரக்ட்" கொடுத்துவிட்டால் இன்ஜின் கூலாக இருக்குமே?

பட்டறைகளில் அதிகம் நடப்பது இதுதான், எனக்கு அதிகம் வருத்தம் தருவதும் இதுதான். சூடு பார்த்து ஃபேனை ஓடவிடும் தெர்மோ ஸ்விட்ச் போய்விட்டால் ஒரு வயர் துண்டை வைத்து டைரக்டாகக் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். ஓட்டுநரும் நிம்மதியாகப் போகிறார்.

இதில் என்ன நஷ்டம் என்று பாருங்கள். தெர்மோஸ்டாட் திறக்காத வரை ஃபேன் குளிர வைப்பது, இன்ஜினுக்குப் போகாத தண்ணீரை. அதனால் இன்ஜினுக்குப் பயனில்லை. நாள் முழுக்க ஓடுவதால் ஃபேன் மோட்டாரின் கார்பன் பிரஷ் சீக்கிரம் தேயும், பிறகு உண்மையிலேயே தேவைப்படும் கோடையில் மோட்டார் மடக்கென்று நிற்கும். 10 முதல் 20 ஆம்பியர் வரை ஆல்டர்னேட்டரின் தோளில் ஏறி உட்காரும். தெர்மோஸ்டாட் லேசாகத் திறந்த நிலையில் மாட்டிக்கொண்டிருக்கும் வண்டியில் இன்ஜின் சூடே ஏறாமல் 65, 70 என்று ஓடும். டீசல் கூடுதலாகக் குடிக்கும், ஆயில் சீக்கிரம் கெடும். பிஎஸ்6 டீசல் வண்டியில் புகை வடிகட்டி தன்னைத் தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ள இன்ஜின் சரியான சூட்டில் இருக்க வேண்டும். அதுவும் கெடும்.

எல்லாவற்றையும்விட மோசம், உண்மையான கோளாறு மறைந்துவிடுவது. தண்ணீர்ப் பம்ப் பலவீனமாகிக்கொண்டிருக்கலாம், ரேடியேட்டர் அடைத்துக்கொண்டிருக்கலாம். எப்போதும் ஓடும் ஃபேன் அதைச் சில மாதங்கள் மூடி வைக்கும். அப்புறம் ஹெட் கேஸ்கெட்டோடு, அதாவது சிலிண்டர் ஹெட்டுக்கு அடியில் இருக்கும் சீலோடு, சேர்த்து வெளியே வரும். வழியில் ஸ்விட்ச் போய்விட்டால் வீடு வந்து சேர டைரக்ட் கொடுப்பது நியாயம். அதோடு அதை விட்டுவிட வேண்டும்.

தெர்மோ ஸ்விட்சில் 92, 87 என்று இரண்டு எண் இருக்கிறது. என்ன அர்த்தம்?

92-ல் ஓடும், 87-ல் நிற்கும் என்று அர்த்தம். ரேடியேட்டரின் டேங்கில் திருகியிருக்கும் பித்தளைத் துண்டில், ஸ்பேனர் பிடிக்கும் ஆறு பக்கங்களில் ஒன்றில் அல்லது விளிம்பில் இந்த எண்களைப் பொறித்திருப்பார்கள். பழசைக் கழற்றிக்கொண்டு போய் அதே எண் கேட்டு வாங்குங்கள். மரையும் ஒத்துப்போக வேண்டும்.

சோதிப்பது எளிது. இன்ஜின் ஆறிய பிறகு கழற்றி, ஒரு பாத்திரத் தண்ணீரில் பித்தளை முனை மட்டும் மூழ்குமாறு கம்பியால் தொங்கவிடுங்கள். அடிப்பக்கத்தைத் தொடக் கூடாது, தொட்டால் அடுப்பின் சூடு நேராக ஏறி எண் தப்பாக வரும். சமையல் வெப்பமானி ஒன்றை அதே உயரத்தில் வையுங்கள். மல்டிமீட்டரைச் சத்தம் வரும் நிலையில் வைத்து இரண்டு முனையிலும் கொடுத்தால், 92 பக்கம் வந்ததும் சத்தம் கேட்கும். அடுப்பை அணைத்துவிட்டு ஆறவிட்டால் 87 பக்கத்தில் நிற்கும். இரண்டு மூன்று டிகிரி முன்னே பின்னே இருந்தால் பரவாயில்லை. தெர்மோஸ்டாட்டையும் அதே தண்ணீரில் நூலில் கட்டித் தொங்கவிட்டுப் பார்த்துவிடுங்கள். ஒரே வேலையில் இரண்டும் முடியும்.

வண்டியிலேயே சோதிக்க வேண்டுமென்றால், இரண்டு வயர் ஸ்விட்சின் கனெக்டரைக் கழற்றி, வயர் பக்கத்தின் இரண்டு முனைகளையும் ஒரு துண்டு வயரால் இணையுங்கள். இக்னிஷன் போட்டால் ஃபேன் ஓட வேண்டும். ஓடினால் கோளாறு ஸ்விட்சில். ஓடாவிட்டால் ஃபியூஸ், ரிலே, மோட்டார் என்று அடுத்ததைப் பாருங்கள்.

ஆனால் ஈசியு கட்டுப்படுத்தும் வண்டியில் இப்படி இணைக்காதீர்கள். அங்கே இருப்பது ஸ்விட்ச் அல்ல, சென்சார்.

சென்சார் நன்றாக இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

சூடு ஏற ஏற அதன் மின்தடை குறையும். பரவலாக வரும் ஒரு வகையில் 20 டிகிரியில் சுமார் 2.5 கிலோ ஓம் இருக்கும், 80 டிகிரியில் 300 ஓம் பக்கத்துக்கு வந்துவிடும். உங்கள் வண்டியின் எண் வேறாக இருக்கலாம். சீராக இறங்குகிறதா, நடுவில் எங்காவது குதிக்கிறதா என்று பாருங்கள். அதுதான் முக்கியம்.

காலையில் வண்டி எடுப்பதற்கு முன் ஓபிடியில் கூலன்ட் சூட்டைப் பார்ப்பது இன்னும் சுலபம். இரவு முழுக்க நின்ற வண்டி வெளிக்காற்றின் சூட்டைத்தான் காட்ட வேண்டும். ஊரில் 27 டிகிரி இருக்கும்போது அது 45 என்று காட்டினால் சென்சாரை மாற்றுங்கள். மைனஸ் 40 என்று காட்டினால் வயர் அறுந்திருக்கிறது. அப்போது பல வண்டிகளில் ஈசியு பாதுகாப்புக்காக ஃபேனை முழு வேகத்தில் ஓடவிடும். ஃபேன் காரணமில்லாமல் ஓடிக்கொண்டே இருந்தால் இந்த வயரையும் பாருங்கள்.

பிஎஸ்6 வண்டியில் ஃபேன் ஓடும் புள்ளியை மாற்றலாமா?

மாற்ற வேண்டாம். அங்கே ஃபேனை ஈசியு முடிவு செய்கிறது. ஏசி, இன்ஜினின் சுமை, வண்டியின் வேகம் எல்லாம் அந்தக் கணக்கில் இருக்கும். நடுவில் வயரை வெட்டி வேறு கன்ட்ரோலர் வைத்தால் செக் லைட் எரியும், வாரன்டி போகும். முன்பு நன்றாக இருந்த வண்டி இப்போது சூடேறுகிறது என்றால் மென்பொருள் தானாக மாறியிருக்காது. ஏதோ ஒரு பாகம் கெட்டிருக்கிறது.

பழைய வண்டிக்கு டிஜிட்டல் கன்ட்ரோலர் போடலாமா? எப்படிச் செட் செய்வது?

போடலாம். பலரும் கையில் எடுப்பது டபிள்யூ1209 என்ற 12 வோல்ட் சின்ன போர்டு. விலை குறைவு, எண் கண்ணுக்குத் தெரியும். ஆனால் அது வண்டிக்காகச் செய்ததல்ல என்பதை மறக்கக் கூடாது.

முதலில் மேலே உள்ள செட் பட்டனை ஒரு தரம் அழுத்தி, கூட்டல் கழித்தல் பட்டனால் 94 என்று வையுங்கள். பிறகு செட் பட்டனை ஐந்து விநாடி அழுத்திப் பிடித்தால் பி0, பி1 என்று வரிசையாக வரும். பி0-வில் ஹெச் என்றிருந்தால் சி என்று மாற்றுங்கள். ஹெச் என்பது சூடாக்கும் வேலைக்கு. அப்படியே விட்டால் இன்ஜின் ஆறியிருக்கும்போது ஃபேன் ஓடி, சூடானதும் நின்றுவிடும். பி1 என்பது இடைவெளி. கம்பெனியிலிருந்து 2 என்று வரும், அதை 6 ஆக்குங்கள். பி4, அளவைத் திருத்துவதற்கு. சென்சாரை ஓபிடியோடு அல்லது வெப்பமானியோடு ஒப்பிட்டு, 3 டிகிரி குறைவாகக் காட்டினால் 3 கூட்டிக்கொள்ளுங்கள். மற்றவற்றைத் தொட வேண்டாம்.

போர்டில் இருக்கும் குட்டி ரிலே ஃபேனை நேராகத் தாங்காது. மோட்டார் கிளம்பும் கணத்தில் ஓடும்போது எடுப்பதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் இழுக்கும். போர்டின் ரிலே, 40 ஆம்பியர் வண்டி ரிலே ஒன்றை இயக்கட்டும். அந்த ரிலே ஃபேனை இயக்கட்டும். போர்டை ஈரமும் அதிர்வும் படாமல் கேபினுக்குள் ஒரு பெட்டியில் வையுங்கள். 24 வோல்ட் லாரியில் இதைப் போட்டால் உடனே எரிந்துவிடும்.

இந்தப் போர்டு இறந்துபோனால் ஃபேனும் நிற்கும். அதனால்தான் அடுத்த கேள்வியில் சொல்லும் கை ஸ்விட்ச் இல்லாமல் இதைப் போடக் கூடாது என்கிறேன்.

டாஷ்போர்டில் ஃபேனுக்குத் தனி ஸ்விட்ச் வைக்கலாமா?

கட்டாயம் வையுங்கள், ஆனால் ஒரு நிபந்தனை. அது ஃபேனை ஓட வைக்க மட்டும்தான் முடிய வேண்டும், ஆட்டோமேட்டிக்கை நிறுத்தக் கூடாது. மறந்து அணைத்துவிட்டு மேடு ஏறினால் இன்ஜின் போய்விடும்.

ரிலேயில் நான்கு முனை. 30-க்குப் பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாகக் கனமான வயர். 87-லிருந்து ஃபேன். 86-க்கு இக்னிஷன் சப்ளை. 85-லிருந்து தெர்மோ ஸ்விட்ச் வழியாக எர்த். கை ஸ்விட்சை இந்தத் தெர்மோ ஸ்விட்சுக்குப் பக்கவாட்டில் இணையுங்கள். ஒரு முனை 85-ல், மறு முனை எர்த்தில். இரண்டில் எது மூடினாலும் ஃபேன் ஓடும்.

ஒரு சின்ன விளக்கையும் போட்டுவிடுங்கள். அதன் வயரை ஸ்விட்சிலிருந்து எடுக்காமல் 87-லிருந்து எடுங்கள். ஃபேனுக்குக் கரண்ட் போகும்போது மட்டும் எரியும். நாள் போகப் போக எந்த மேட்டில் எப்போது எரிகிறது, எவ்வளவு நேரம் எரிகிறது என்று உங்களுக்கே பழகிவிடும். வழக்கத்தைவிட அதிக நேரம் எரிந்தால் ரேடியேட்டரைப் பார்க்கும் நேரம் வந்துவிட்டது. எனக்குத் தெரிந்து இவ்வளவு குறைந்த செலவில் இவ்வளவு தகவல் தருவது வேறெதுவும் இல்லை.

வயர் 4 சதுர மில்லிமீட்டர் இருக்கட்டும். ஃபேன் ஓடும்போது பேட்டரி முனையிலும் ஃபேன் கனெக்டரிலும் வோல்டேஜ் அளந்து பாருங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் எங்கோ கனெக்டர் கருகியிருக்கிறது அல்லது எர்த் துருப்பிடித்திருக்கிறது. ஃபேன் ஓடத்தான் செய்யும், ஆனால் சோம்பலாக ஓடும். பார்த்தால் தெரியாது.

சென்சாரை எங்கே வைப்பது? ரேடியேட்டர் தகடுகளுக்குள் செருகும் குச்சி மாதிரி வருகிறதே?

இன்ஜினிலிருந்து தண்ணீர் வெளியேறும் இடம்தான் சிறந்தது. தெர்மோஸ்டாட் ஹவுசிங் அல்லது மேல் ஹோஸின் தொடக்கம். ரேடியேட்டரின் வெளியேறும் பக்கத்தில் ஸ்விட்ச் வைத்த வண்டிகளில் அங்கே ஏற்கெனவே ஆறிய தண்ணீர்தான் வரும். அதனால் எண்ணும் குறைவாக இருக்கும். இடத்தை மாற்றினால் எண்ணையும் மாற்ற வேண்டும். தகடுகளுக்குள் செருகும் குச்சியை நான் பரிந்துரைக்க மாட்டேன். காற்று பட்டால் ஒன்று காட்டும், நின்றால் ஒன்று காட்டும். அதிர்வில் குழாயை உரசி ஓட்டையும் போடும்.

ஃபேன் நன்றாக ஓடுகிறது. ஆனாலும் நிற்கும்போது ஹீட் ஏறுகிறது. ஏன்?

முதலில் காற்று எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள். மோட்டார் மாற்றும்போது இரண்டு வயரும் இடம் மாறியிருந்தால் ஃபேன் எதிர்த்திசையில் சுற்றும். ஓடுகிற மாதிரிதான் தெரியும். ரேடியேட்டருக்குப் பின்னால் ஃபேன் உள்ள வண்டியில், முன்பக்கத்திலிருந்து ஒரு தாளைக் கிரில்லுக்கு அருகில் பிடியுங்கள். தாள் இழுபட்டு ஒட்ட வேண்டும். தள்ளினால் வயர் மாறியிருக்கிறது.

அடுத்தது ஃபேன் கவர். ஃபேனைச் சுற்றி ரேடியேட்டரை மூடியிருக்கும் பிளாஸ்டிக் கூடு உடைந்திருந்தால், ஃபேன் பக்கவாட்டுக் காற்றை இழுத்துக்கொண்டிருக்கும், ரேடியேட்டர் வழியாக வராது. உடைந்ததும் தூக்கி எறிந்துவிட்டு ஃபேனை மட்டும் கட்டிவைத்த வண்டிகள் எத்தனையோ.

அப்புறம் தகடுகள். வைக்கோல், பஞ்சு, தென்னை நார் ஏற்றும் வண்டிகளில் ஒரு சீசனிலேயே அடைத்துவிடும். ஏசி வண்டி என்றால் குப்பை கண்டன்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் சேரும், வெளியிலிருந்து தெரியாது. இன்ஜின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக, மெதுவான தண்ணீரில் கழுவுங்கள். வாட்டர் சர்வீஸ் கன்னை அருகில் பிடித்தால் தகடுகள் மடிந்து படுத்துவிடும்.

கை வைப்பதற்கு முன் ஃபேன் கனெக்டரைக் கழற்றிவிடுங்கள். சில வண்டிகளில் சாவி எடுத்த பிறகும் ஃபேன் திடீரென்று கிளம்பும்.

நின்றால் சரியாக இருக்கிறது, ஹைவேயில் போனால் ஹீட் ஏறுகிறது.

அப்படியானால் ஃபேனை விட்டுவிடுங்கள். 50, 60 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் வண்டி போகும் காற்றே ஃபேன் இழுப்பதைவிட அதிகம். இந்த வேகத்தில் சூடேறினால் ரேடியேட்டர் உள்ளே உப்புப் படிந்து அடைத்திருக்கும், அல்லது பம்ப் இறக்கை தேய்ந்திருக்கும், கீழ் ஹோஸ் உறிஞ்சப்பட்டு ஒட்டிக்கொள்ளும், அல்லது ஹெட் கேஸ்கெட் கசியும். காலையில் ஸ்டார்ட் செய்து ஒரு நிமிடத்திலேயே மேல் ஹோஸ் கல் மாதிரி இறுகினால், சூட்டால் வந்த அழுத்தமாக இருக்க முடியாது, சிலிண்டரிலிருந்து வரும் காற்று அது. கேஸ்கெட்டைச் சந்தேகியுங்கள்.

கொல்லிமலை, வால்பாறை மாதிரி ஏற்றங்களில் என்ன செய்ய வேண்டும்?

கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவு, வால்பாறையில் 40. லோடோடு ஏறும்போது இன்ஜின் முழு வேலை செய்யும், வண்டி வேகமோ மிகக் குறைவு. காற்று தானாக வராது, எல்லாப் பாரமும் ஃபேன் மேல்தான். ஃபேனின் உண்மையான பரீட்சை இங்கேதான்.

அடிவாரத்திலேயே கை ஸ்விட்சைப் போட்டுவிடுங்கள். முன்கூட்டியே ஓடவிடுவதில் பயன் உள்ள ஒரே இடம் இது. தெர்மோஸ்டாட் எப்படியும் திறந்தே இருக்கப்போகிறது. கியரைக் குறைத்து, இன்ஜினைத் திணறவிடாமல் ஓட்டுங்கள். மேல் கியரில் முக்கிக்கொண்டு ஏறினால் தண்ணீர்ப் பம்ப்பும் மெதுவாகச் சுற்றும், சூடு மட்டும் கூடும். ஏசியை அணைத்துவிடுங்கள். 102, 103 என்று ஏற ஆரம்பித்தால், ஹீட்டர் உள்ள வண்டியில் அதை முழுச் சூட்டில் வைத்துப் புளோயரையும் முழுதாகப் போடுங்கள். கேபின் வேகும், ஆனால் அது ஒரு குட்டி ரேடியேட்டராக வேலை செய்யும்.

எண் 110-ஐத் தொட்டுவிட்டது. இப்போது என்ன?

ஓரங்கட்டுங்கள். ஆவியோ ஒழுகலோ இல்லை, தண்ணீர் உள்ளே இருக்கிறது என்றால், கொஞ்சம் ரேஸ் கொடுத்த ஐடிலில் ஃபேனை ஓடவிட்டு எண் இறங்குகிறதா பாருங்கள். இறங்கினால் 95 வரை விட்டு அணையுங்கள். இறங்கவில்லை என்றாலோ, ஆவி வருகிறது, தண்ணீர் கொட்டியிருக்கிறது என்றாலோ உடனே அணைத்துவிடுங்கள்.

மூடியைத் திறக்காதீர்கள். அழுத்தத்தில் அடைபட்டிருக்கும் தண்ணீர் திறந்த கணத்தில் கொதித்து முகத்தில் அடிக்கும். அரை மணி நேரமாவது போகட்டும், மேல் ஹோஸ் கையால் பிடிக்கும் சூட்டுக்கு வந்து, அமுக்கினால் மெத்தென்று இருக்கட்டும். சூடான இன்ஜின் மேல் குளிர்ந்த தண்ணீர் ஊற்றவே கூடாது. அலுமினிய ஹெட் வளைந்துவிடும், விரிசலும் விடும்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டால் ஹீட்டே ஆகாது என்கிறாரே மெக்கானிக்?

பல இன்ஜின்களில் இது நேர் எதிராக முடியும். தெர்மோஸ்டாட் முழுதாகத் திறக்கும்போது அதன் அடித்தட்டு பைபாஸ் வழியை மூடும். தெர்மோஸ்டாட்டையே எடுத்துவிட்டால் பைபாஸ் எப்போதும் திறந்து கிடக்கும். சூடான தண்ணீரில் ஒரு பகுதி ரேடியேட்டருக்குப் போகாமலே இன்ஜினுக்குத் திரும்பும். சமதளத்தில் இன்ஜின் குளிர்ந்தே ஓடும், மேட்டில் ஹீட் ஆகும். இரண்டு பக்கமும் நஷ்டம். புதுத் தெர்மோஸ்டாட் அப்படியொன்றும் விலை உயர்ந்த பொருளல்ல.

கூலன்ட்தான் ஊற்ற வேண்டுமா? போர் தண்ணீர் போதாதா?

போர் தண்ணீர் வேண்டாம். நம் பகுதிகளில் பல இடங்களில் அது உப்பு மிகுந்தது. ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களில் வெள்ளையாகப் படிந்து சூட்டை வெளியே விடாமல் தடுக்கும். சென்சார் முனையிலும் படிந்து, உண்மையைவிடக் குறைவாகக் காட்ட வைக்கும். கலந்தே விற்கும் கூலன்ட் ஊற்றுங்கள், அல்லது அடர் கூலன்டோடு பேட்டரிக்கு ஊற்றும் சுத்தமான தண்ணீரைக் கலந்துகொள்ளுங்கள். வழியில் வேறு வழியில்லாமல் சாதாரணத் தண்ணீர் ஊற்றினால், ஊர் வந்ததும் வடித்து மாற்றிவிடுங்கள்.

இன்ஜின் இருக்கைக்குக் கீழேயும் ரேடியேட்டர் முன்னாலும் இருக்கும் வண்டிகளில் குழாய் நீளம் அதிகம், காற்று எளிதில் அடைத்துக்கொள்ளும். கூலன்ட் மாற்றிய அன்றே ஹீட் ஏறினால் ஏர் லாக்தான் முதல் சந்தேகம்.

ரேடியேட்டர் மூடி அவ்வளவு முக்கியமா?

மிகவும். 0.9 பார் மூடி நன்றாக இருந்தால், வெறும் தண்ணீர்கூட சமவெளியில் 118 டிகிரி வரை கொதிக்காது. கூலன்ட் கலந்திருந்தால் 120-ஐத் தாண்டும். மூடியின் ரப்பர் கெட்டு அழுத்தம் நிற்காவிட்டால் தண்ணீர் 100-லேயே கொதிக்கும். 2,200 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் 93 பக்கத்திலேயே கொதித்துவிடும். அதாவது ஃபேன் கிளம்பும் எண்ணுக்கு முன்பே. ஊருக்குள் நன்றாக இருந்த வண்டி மலை மேல் மட்டும் தண்ணீரைத் துப்புகிறது என்றால், ஃபேன் செட்டிங்கைத் தொடாமல் முதலில் மூடியை மாற்றுங்கள்.

பெல்ட் ஃபேனை எடுத்துவிட்டு எலக்ட்ரிக் போட்டால் மைலேஜ் கூடுமா?

கொஞ்சம் கூடலாம். நாள் முழுக்க லோடோடு மேடு ஏறும் வண்டிக்கு நான் சொல்ல மாட்டேன். பெல்ட் ஃபேன் இழுக்கும் அளவு காற்றை இழுக்க ஒரு சாதாரண கார் ஃபேனால் முடியாது. ஊருக்குள் டெலிவரி ஓடும் வண்டி என்றால் செய்யலாம். ரேடியேட்டர் முழுவதையும் மூடும் கவரோடு வரும் ஃபேனாகப் பாருங்கள். ஆல்டர்னேட்டர் தாங்குமா என்று முதலில் ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் அளந்து பார்க்கச் சொல்லுங்கள்.

வண்டியை அணைத்த பிறகும் ஃபேன் இரண்டு மூன்று நிமிடம் ஓடுகிறது. கோளாறா?

பல வண்டிகளில் அது அப்படித்தான் வடிவமைக்கப்பட்டிருக்கிறது. அணைத்ததும் பம்ப் நின்றுவிடும், ஹெட்டில் தேங்கிய சூடு தண்ணீரில் இறங்கி எண் கொஞ்ச நேரம் ஏறும். பிஎஸ்6 டீசலில் புகை வடிகட்டி எரிப்பு நடுவில் அணைத்தாலும் ஃபேன் தொடர்ந்து ஓடும். சில நிமிடங்களில் தானாக நின்றால் விட்டுவிடுங்கள். நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தால் ரிலேயை உருவிப் பாருங்கள். உருவியதும் நின்று, இன்ஜின் ஆறிய பிறகு திரும்பச் செருகியதும் ஓடினால் ரிலேயின் முனை ஒட்டிக்கொண்டிருக்க வாய்ப்பு அதிகம். அதே எண்ணுள்ள புது ரிலே போடுங்கள். அதற்கும் ஓடினால் ரிலேயை இயக்கும் வயர் எங்கோ உரசி எர்த் ஆகியிருக்கிறது. ரேடியேட்டர் ஓரத்தில் வயர் வளையும் இடங்களில் தேடுங்கள்.